அருளைப் பற்றி விசாரித்த ஞாயிற்றுக்கிழமை

அருள் பால்கனியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், எங்கள் சமையலறை மேசையில், அவர் பிரெஞ்சிலிருந்து வாசித்துச் சொல்ல நான் தமிழில் எழுதிய தாள்கள் கிடந்தன. வீட்டுக்கு வருகிறவனிடம் பெயர் கேட்பதற்கு முன்பே கதவைத் திறக்க முடியுமா என்று கேட்கும் பக்கத்தை அப்போதுதான் முடித்திருந்தோம்.

நான் எழுந்து படுக்கையறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்தவாங்கரில் இருக்கும் என் மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், ஒரு ஆளைப் பற்றி விசாரிக்க வேணும்" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். செய்வது ஒழுங்கான காரியம் என்றால் என் சொந்த வீட்டில் எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒஸ்லோவின் புறநகரான எங்கள் ஹவுகெட்டோவில் அன்று காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி வதனி அருளுக்காகக் கோழிக்கறி வைத்திருந்தாள். யன்னலைத் திறக்க முடியாத குளிர் என்பதால் கறித்தூள் மணம் படுக்கையறைத் திரைச்சீலை வரைக்கும் வந்திருந்தது. அந்த மணத்துக்குள் நின்றுகொண்டுதான் அந்த மனிதனின் ஊரையும் பரம்பரையையும் தேடித் தரும்படி கேட்டேன்.

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், தபால் பிரிக்கும் நிலையத்தில் எனக்கிருந்த வேலையைப் பற்றி எழுதியபோது, ஒரு காலத்தில் ஒரு புத்தகம் மொழிபெயர்த்தேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். எங்கும் கிடைக்காது, அம்மா. ஏன் கிடைக்காது என்பதைச் சொல்லாமல் இத்தனை அத்தியாயங்களைக் கடத்திவிட்டேன். இனிக் கடத்த முடியாது.

பெயர் எழுதாத பிரெஞ்சுக்காரர்

அந்தத் தத்துவவாதியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இரண்டு கூட்டத்திடமிருந்து கடிதம் வரும். பெயரை இப்படி உச்சரிக்கக்கூடாது என்று ஒரு கூட்டம். அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று மற்றது. இரண்டாவது கூட்டம் சொல்வது நியாயம் என்பதால் பதிலும் எழுத முடியாது. எங்கள் வாசகர் வட்டத்தில் அவரைப் பிரெஞ்சுக்காரர் என்றுதான் சொல்வோம். அப்படியே இருக்கட்டும்.

பிரெஞ்சுக்காரர் என்றாலும் அவர் பிறந்தது பிரான்சில் அல்ல. கடல் கடந்து வந்தவர். சிறுவயதில் ஒருநாள், பிறப்பைக் காரணம் காட்டி, பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். பிறகு பெரிய பெரிய இடங்களில் படித்துப் படிப்பித்து உலகமே காது கொடுக்கும் ஆளானார். ஆனாலும் வாசலில் நிறுத்தப்பட்ட அந்தப் பையன் அவருடைய எழுத்தை விட்டுப் போகவே இல்லை என்பது என் எண்ணம்.

ஓர் எழுத்தை அதன் ஓரங்களிலும் வாசிக்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொடுத்தார். அடிக்குறிப்பில், முன்னுரையில், ஒதுக்கி வைத்த சொல்லில், எழுதியவனே அறியாமல் அவனுக்கு எதிரான சாட்சி கிடக்கும் என்பதுதான் எனக்கு விளங்கிய அளவில் அதன் சாரம். விளங்காத அளவு இதைவிடப் பெரிது.

கடைசிக் காலத்தில் அவர் அகதிகளைப் பற்றியும் விருந்தோம்பலைப் பற்றியும் நிறையப் பேசினார். அரசுகள் தருவது நிபந்தனையோடு வரும் விருந்தோம்பல். பெயர் என்ன, எங்கிருந்து வருகிறாய், எத்தனை நாள் நிற்பாய் என்று அது கேட்கும். இன்னொன்று நிபந்தனையே இல்லாதது. யார் என்று கேளாமல் கதவைத் திறப்பது. அது நடைமுறையில் முடியாத காரியம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் முடியாத அந்த ஒன்று மனதில் இல்லாவிட்டால், முடிகிற இதுவும் வெறும் விண்ணப்பப் படிவமாகிவிடும் என்பது அவர் பக்கத்து வாதம்.

அகதி விசாரணையில் ஒரே கேள்விக்கு நாலு தடவை பதில் சொன்ன எங்களுக்கு இது எப்படி இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கேள்வி கேட்கிறவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டே அவரை வாசித்தோம்.

வடையைக் கடைசிக்கு வைத்த கூட்டம்

எங்கள் ஆட்கள் ஒருவரை ஒழுங்காக வாசிக்க வேண்டுமென்றால் அவர் முதலில் சாக வேண்டும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், இலைகள் கொட்டுகிற ஒரு மாதத்தில், பிரெஞ்சுக்காரரும் இறந்தார். உடனே அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். எங்கள் குடியிருப்பின் நிலக்கீழ் அறை, பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு படம், ஒரு குத்துவிளக்கு. வடை முடிந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும் என்பதால் வடையைக் கடைசிக்கு வைத்திருந்தோம்.

நான்தான் பேச்சாளன். ஆங்கிலத்தில் வாசித்ததை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன். குடிவரவு அதிகாரிகளை ஒரு பிடி பிடித்தேன். கை தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து முன்பின் பார்த்திராத ஒருவர் எழுந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். குளிர் அங்கியைக் கழற்றாமலே இருந்திருக்கிறார். மிகவும் பணிவாகத்தான் சொன்னார்.

"அண்ணை சொன்னது சரி. ஆனா அவர் அரசாங்கத்தை மட்டும் சொல்லேல்லை. வீட்டுக்காரனையும் சேர்த்துத்தான் சொன்னவர்."

அவர்தான் அருள். பாரிசில் பல வருடம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவர். மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்து, யாரும் வந்து கேட்கலாம் என்ற பொதுச் சொற்பொழிவுகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். பிரெஞ்சுக்காரரை அப்படி நேரில் கேட்டவர். கையில் சவர்க்கார மணத்தோடு போய்ப் பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்ததாகவும், நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை என்றும் வடை தின்னும்போது சொன்னார். இப்போது ஒஸ்லோவில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை கிடைத்து வந்திருந்தார். இங்கே அவருக்குச் சொந்தம் என்று எவரும் இல்லை.

எனக்கு அன்று பொறாமை வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷமும் வந்தது. ஆங்கில வழியாக முட்டி மோதிக்கொண்டிருந்தவனுக்கு மூலமே நடந்து வந்த மாதிரி இருந்தது. பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கையும் சிந்தனையும் பற்றி ஒரு சிறு நூல், அதில் அவருடைய சில பக்கங்களின் மொழிபெயர்ப்பு, இரண்டு பேருடைய பெயரிலும் என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிறு தவறாமல் அருள் வந்தார். காலையில் ரயிலில் வந்து இறங்குவார். முதலில் தேநீர். பிறகு அவர் ஒரு வசனத்தை இரண்டு தடவை பிரெஞ்சில் வாசிப்பார், பொருளைச் சொல்வார், நான் எழுதுவேன், அவர் தலையை ஆட்டி மறுப்பார், நான் வெட்டுவேன். ஒரு நாளில் ஒன்றரைப் பக்கம் நகர்ந்தால் பெரிய காரியம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததில்லை.

நாலாவது கேள்விக்குள் ஆள் அகப்படுவார்

யாழ்ப்பாணத்தார் இருவர் சந்தித்தால் முதலில் கேட்பது "நீங்கள் எவடம்?" ஊரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம். பக்கத்தைச் சொன்னால், எந்தக் கோயிலடி. அதையும் சொன்னால், ஆற்றை மகன், அதாவது யாருடைய மகன். நாலாவது கேள்விக்குள் ஆள் அகப்பட்டுவிடுவார். அதன் பிறகுதான் முகம் முழுதாக மலர்வதா, பாதி மலர்வதா என்று தீர்மானமாகும்.

தமிழ்நாட்டிலிருந்து அந்த வருடங்களில் கணினி வேலைக்கு வந்த பிள்ளைகள் "உங்க நேட்டிவ் எது சார்?" என்று கேட்கும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், எங்களுக்கு அந்த நோயே இல்லாத மாதிரி.

அருளிடமும் முதல் நாளே கேட்டேன். யாழ்ப்பாணம்தான் அண்ணை என்றார். யாழ்ப்பாணத்தில் எவடம் என்றேன். சிரித்துவிட்டு, வடை நல்ல மொறுமொறுப்பு என்றார். நான் விட்டுவிட்டேன். அப்படி விட்டதற்காக என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

விட்டது வாய்தான். மனம் விடவில்லை. எங்களிடம் அதற்கும் வழி இருக்கிறது. ஆளிடம் கேளாமல் ஆளைப் பற்றி விசாரிப்பது. கலியாணம் பேசும்போது எல்லோரும் செய்வதுதான். என் மச்சான், வதனியின் தமையன், இதில் கைதேர்ந்தவர். எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளர். ஆனால் அவருடைய உண்மையான திறமை தொலைபேசியில். இரண்டு மூன்று அழைப்பில் எவருடைய மூன்று தலைமுறையையும் கொண்டுவந்து மேசையில் வைப்பார்.

எங்கள் வீட்டில் கலியாண வயதில் ஒரு பெண்ணும் இல்லை. மைத்துனி இல்லை, மருமகள் முறையில் எவரும் இல்லை. நல்ல இடமாக இருந்தால் பேசலாம் என்றுதான் விசாரித்தேன் என்று இங்கே ஒரு பொய்யை எழுதிவிட எனக்கு ஆசை. அப்படி ஒரு காரணம் எனக்கு இருக்கவில்லை. அறிய வேண்டும் என்று அரித்தது, அவ்வளவுதான்.

பால்கனிக்குப் போவதற்கு முன்

அந்த ஞாயிறு காலை, பெயர் கேளாமல் கதவு திறக்கும் பக்கத்தை முடித்த கையோடு, தேநீர் குடித்தபடி பிரெஞ்சுக்காரரின் பள்ளிக்கூடக் கதையை எந்த இடத்தில் வைப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். முதல் அத்தியாயத்திலேயே வைக்கலாம் என்றேன் நான்.

"எங்கடை ஊரிலையும் அப்பிடித்தானே அண்ணை" என்றார் அருள். "அப்பாவைப் பள்ளிக்கூடத்திலை வாங்கிலை இருக்க விடேல்லை. நிலத்திலைதான் இருந்து படிச்சவர். நாலாம் வகுப்போடை விட்டிட்டார்."

சொல்லிவிட்டுச் சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அந்த நாலு மாதத்தில் தன் ஊரையும் வீட்டையும் பற்றி அவர் வாய் திறந்து சொன்ன முதல் விஷயம் அது. நான்கு மாதம் எங்கள் மேசையில் இருந்து பார்த்த பிறகு, இந்த மனிதனிடம் சொல்லலாம் என்று நம்பிச் சொன்னார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம். ஒன்றும் பேசாமலே நின்றிருக்கலாம். ஆனால் என் காதில் ஒரு தகப்பனின் அவமானம் விழவில்லை. துப்பு ஒன்றுதான் விழுந்தது. நான் படுக்கையறைக்குப் போன கதையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை மச்சான் அழைத்தார். ஆள் பிடிபட்டுவிட்டார் என்றார். ஊர், பக்கம், கோயில், தகப்பன் செய்த தொழில் எல்லாம் சொன்னார். அவற்றை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அருளை இரண்டாம் தடவை விசாரித்ததாகிவிடும். "அப்ப சரி, மச்சான்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். என்ன சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முன்பக்கம்

அறிந்ததால் நான் மாறவில்லை என்று உறுதியாக நம்பினேன். அடுத்த ஞாயிறும் அதே தேநீர், அதே சாப்பாடு, அதே கதிரை. உண்மையில் முன்பைவிட அன்பாகவே நடந்துகொண்டேன். அதைப் பார்த்து வதனி என்ன இன்றைக்கு ஒரு மாதிரி விழுந்து விழுந்து கவனிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

அந்த வாரத்தில்தான் அதுவரை முடிந்ததைக் கணினியில் ஏற்றி அச்செடுத்தேன். முன்பக்கத்தில் "தமிழில்" என்று போட்டு என் பெயரை மட்டும் அடித்தேன். அதன் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், "பிரெஞ்சு மூலத்தைப் பார்த்து உதவியவர்: அருள்" என்று போட்டேன்.

அதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. வசனம் முழுக்க என்னுடையது. அவர் பொருளைத்தான் சொன்னார். நோர்வேயில் பதிப்பிக்கும்போது பொறுப்பாக ஒரு பெயர் இருப்பது நல்லது. ஒவ்வொன்றும் நல்ல காரணம். புதன்கிழமை வந்த தொலைபேசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தொடர்பு இல்லாவிட்டால் அந்தக் காரணங்கள் ஏன் அதற்கு முந்திய கிழமை எனக்குத் தோன்றவில்லை?

அருள் சாப்பிட்டுவிட்டுச் சொன்னது

இரண்டு ஞாயிறு கழித்து அருள் வழக்கம்போல வந்தார். அன்று ஒரு பக்கம்தான் எழுதினோம். சாப்பிட்டார். தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். வதனியிடம் கறி நல்லாயிருந்தது அக்கா என்றார். பிறகு மேசைக்கு வந்து, அச்செடுத்த தாள்களை எடுத்து முன்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, விளிம்புகளைத் தட்டி நேராக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே" என்றார். "என்னைப் பற்றி விசாரிச்சனீங்களோ?"

ஸ்தவாங்கரில் தொடங்கிய விசாரணை கனடாவுக்குப் போய், அங்கிருந்து பாரிசுக்குத் திரும்பி, அருளின் சொந்த அக்காவின் வீட்டிலேயே போய் மணியடித்திருக்கிறது. எங்கள் விசாரணைகள் அப்படித்தான். உலகத்தைச் சுற்றி வந்து உரியவனின் வாசலில் நிற்கும்.

சும்மா என்று ஏதோ தொடங்கினேன்.

"அக்கா சந்தோஷப்பட்டவ அண்ணை" என்றார் அருள். "பொம்பிளைக்குத்தான் விசாரிக்கினம் எண்டு நினைச்சிட்டா. பொம்பிளை ஆர், என்ன செய்யிறா எண்டு ரெண்டு தரம் எடுத்துக் கேட்டிட்டா. நான் அவவுக்கு என்னத்தைச் சொல்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்திருப்பேன். அவர் உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்டார். தம்பிக்கு நல்லது நடக்கப்போகிறது என்று நம்பிக்கொண்டு ஒரு பெண் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான். அதைப் போய் உடைக்க வேண்டியவர் அவர்.

அருள் பிரெஞ்சுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்வருகிறேன் என்றார். அந்தப் புத்தகத்தின் அடுத்த அத்தியாயம் மன்னிப்பைப் பற்றியது. அதை நாங்கள் தொடவே இல்லை.

அவர் போன பிறகு வதனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முன்பக்கத்தையும் எடுத்துப் பார்த்தாள்.

"முகத்துக்கு நேரை கேட்டிருந்தா அது கூடாத பழக்கம் எண்டு விட்டிடலாம்" என்றாள். "அந்தத் தம்பியை வெளியாலை விட்டிட்டு அறைக்குள்ளை போய்க் கேட்டிருக்கிறீங்கள். இது களவு."

என் தமையனிடம்தானே கேட்டீர்கள் என்று மச்சானுக்கும் ஏச்சு விழுந்தது. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

லோறென்ஸ்கூக்

அருள் வட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். நான் இரண்டு தடவை தொலைபேசி எடுத்தேன். வேலை அதிகம் என்றார், மரியாதையாகவே கதைத்தார். மூன்றாவது தடவை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. வட்டத்தில் கேட்டவர்களுக்கு, ஆளுக்கு நேரமில்லையாம் என்று சொல்லிச் சமாளித்தேன். அதுவும் ஒரு பொய்தான்.

நாலைந்து வருடம் போன பிறகு, அவருக்குக் கலியாணம் ஆகிவிட்டது, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு சனிக்கிழமை முன்பக்கத்தைத் திரும்ப அடித்தேன். இந்தத் தடவை இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்து, அருளின் பெயர் முதலில். தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று விடுவாரோ என்ற பயம்.

மணியை அடித்தேன். அருள்தான் திறந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு வியப்பும் தெரியவில்லை.

"வாங்கோ அண்ணை. உள்ளுக்கை வாங்கோ, குளிருது."

ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. அவருடைய மனைவி, நான் யார் என்று தெரியாமலே, புட்டுக்கு மா குழைக்கத் தொடங்கிவிட்டார். சாப்பிட்ட பிறகு தாள்களை எடுத்து நீட்டினேன். அருள் நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார். பென்சில் எடுத்து ஒரு சொல்லைத் திருத்தினார். இந்த இடத்தில் அனுமதி என்பது சரிவராது அண்ணை, வரவேற்பு என்று போடுங்கள் என்றார். அப்படித் திருத்தியதில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு முன்பக்கத்துக்கு வந்தார்.

"நான் பிழை விட்டிட்டன், அருள்" என்றேன். பஸ்ஸில் வரும்போது நீளமாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது அவ்வளவுதான்.

"ஓம் அண்ணை" என்றார்.

பரவாயில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தார்.

"என்ரை பேரை எடுத்துவிடுங்கோ" என்றார். "உங்கடை பேரிலை வரட்டும். நான் குறை நினைக்க மாட்டன்."

பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூடவே வந்தார். பனி சறுக்கிய இடத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இனியும் வரலாமா என்று கேட்டேன்.

"எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ அண்ணை. சாப்பிடலாம், கதைக்கலாம். உங்களோடை ஒரு மேசையிலை இருந்து எழுத மட்டும் இனி எனக்கு மனம் வராது."

பஸ் வந்தது. ஏறினேன். அது புறப்படும் வரைக்கும் அவர் நின்றார்.

அவருடைய பெயர் இல்லாமல் அந்தப் புத்தகத்தை வெளியிட எனக்கு மனம் வரவில்லை. பெயரோடு வெளியிட அவர் விடவில்லை. வாசகி கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அதன் பிறகு லோறென்ஸ்கூக்குக்குப் பல தடவை போயிருக்கிறேன், கலியாணவீடு, பிறந்தநாள் என்று. அருள் வீட்டுக்குப் போனதில்லை. மணியை அடித்தால் அவர் கதவைத் திறப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் போகவில்லை.